கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது: நம் பக்கத்து விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊர் வீட்டு ஜெபத்துக்குப் போனாலும், ஜெபம் முடிந்து காபி டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். "எத்தனை வருஷமா கேக்குறேன், ஏன் இன்னும் நடக்கல?" என்பதுதான் அதில் முக்கால்வாசி. அப்படிக் கேட்கப்பட்டவற்றைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை, சபையில் வேதபாடம் எடுக்கிற ஆள், அவ்வளவுதான். சில கேள்விகளுக்குப் பதில் நீளமாக இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதா?

இல்லவே இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் மற்றதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொறுமைக்கு யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் காட்டுகிற ஆள் யார் தெரியுமா? விவசாயி. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடு காத்திருக்கிறவன். அவர் மனதில் இருந்தது இஸ்ரவேல் நாட்டு மழை. அங்கே முதல் மழை அக்டோபர், நவம்பர் வாக்கிலும் கடைசி மழை மார்ச், ஏப்ரல் வாக்கிலும் வரும். ஆனால் அந்த வசனத்தைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியான ஊர்க்காரர்கள் யாரும் இருக்க முடியாது. சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி, வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் நமக்குச் சோறு. அதற்காக நம் சம்சாரி மழை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றா இருக்கிறார்? ஆவணி புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுகிறார். ஒரு துளி ஈரம் இருக்காது. வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் வெட்டிவிட வேண்டும், மடையைப் பார்க்க வேண்டும், கரை பலவீனமாக இருந்தால் மண் போட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் மழையை அவரால் வரவைக்க முடியாது, அது தெரிந்துதான் விதைக்கிறார்.

காத்திருப்பது அதுதான். என் கையில் இருக்கிற வேலையை இன்றைக்குச் செய்வது, என் கையில் இல்லாத தேதியைக் கர்த்தரிடம் விடுவது. வரத்துக்காலை வெட்டாமல் விட்டுவிட்டு, பெய்த மழை கண்மாய்க்கு வரவில்லையே என்று அழுதால் அதைப் பொறுமை என்று சொல்ல முடியாது.

சரி, எவ்வளவு காலம்தான் காத்திருப்பது? ஒரு கணக்கு உண்டா?

கணக்கு கிடையாது. வேதத்தில் ஒருவருக்கு நடந்த மாதிரி இன்னொருவருக்கு நடக்கவில்லை. ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75, வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். யோசேப்பு சொப்பனம் கண்டபோது 17, பார்வோன் முன்னால் நின்றபோது 30. அதிலும் பானபாத்திரக்காரன் விடுதலையாகிப் போய் யோசேப்பை மறந்தே போனான் பாருங்கள், அதற்குப் பிறகே முழுசாக இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான். யாரோ ஒருவன் ஒரு வார்த்தை சொல்ல மறந்ததால் போன இரண்டு வருஷம் என்றுதான் அன்றைக்கு யோசேப்புக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவன் முன்னமே வெளியே வந்திருந்தால், பார்வோன் சொப்பனம் கண்ட ராத்திரி அவனை எங்கே தேடியிருப்பார்கள்?

இதைச் சொன்னதும் "அப்ப எனக்கும் 13 வருஷமா?" என்று பயந்துவிடாதீர்கள். சகோதரன் லாசரு நோயாய்க் கிடந்தபோது மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்காகக் காத்திருந்தது சில நாட்கள்தான், அதுவும் அவர்களுக்குத் தாங்கமுடியாத நாட்களாகத்தான் இருந்தது. காத்திருப்பின் கஷ்டத்தை நாட்காட்டியை வைத்து அளக்க முடியாது.

பொறுக்க முடியாமல் நானே ஒரு வழி செய்துகொண்டால் தப்பா?

வழி செய்வது தப்பில்லை. எந்த வழி என்பதுதான் கேள்வி.

ஆபிரகாமும் சாராளும் கானானுக்கு வந்து பத்து வருஷம் ஆனபிறகு ஆகாரை வைத்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். குழந்தை பிறந்தது, ஆம், ஆனால் அடிபட்டது ஆகார்தான், ஒரு தப்பும் செய்யாத அடிமைப்பெண். சவுல் ராஜாவும் சாமுவேல் சொன்னபடி ஏழு நாள் காத்திருந்தான், அதை யாரும் சொல்வதில்லை. ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், சாமுவேலைக் காணோம், பயத்தில் தானே பலியைச் செலுத்திவிட்டான். செலுத்தி முடிக்கிறான், சாமுவேல் வந்து நிற்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சவுல் மேல் பரிதாபம்தான் வரும், ஏனென்றால் நம்மில் பலர் சறுக்குவது அந்தக் கடைசி மணி நேரத்தில்தான்.

அதனால் ஒரு காரியத்தில் இறங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். இதில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா? இதில் வேறு யாருக்காவது அடி விழுமா? பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுக்கிறேனா? மூன்றுக்கும் இல்லை என்றால் தைரியமாகச் செய்யுங்கள். விண்ணப்பம் போடுவது, டாக்டரைப் பார்ப்பது, இன்னொரு கம்பெனியில் வேலை கேட்பது இதெல்லாம் அவிசுவாசம் கிடையாது.

தேவன் "பொறு" என்கிறாரா, "இல்லை" என்கிறாரா, எப்படித் தெரிந்துகொள்வது?

பல நேரம் உடனே தெரியாது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. அது இல்லை என்ற பதில்தான், ஆனால் கைவிட்ட பதில் இல்லை. பவுலுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது, நமக்கு அவ்வளவு தெளிவாக வராமல் போகலாம்.

என் அபிப்பிராயம், கதவு தெளிவாக மூடும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். இயேசுவே லூக்கா 18இல் அந்த விதவை விடாமல் நியாயாதிபதியிடம் போனதைச் சொல்லித்தான் சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணச் சொன்னார். ஆனால் அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், அந்த இடத்தை வேறு ஒருவர் கிரயம் வாங்கிவிட்டார், இப்படி உண்மையாகவே ஒரு காரியம் முடிந்துபோனால் அதைத் திரும்பத் திரும்ப உரிமை கோரி ஜெபிப்பது விசுவாசத்தில் சேராது. அப்போது அழுதுவிட்டு, அடுத்ததைக் கேட்க வேண்டும்.

ஜெபத்தில் தேவன் மேல் கோபம் வருகிறது. இது பாவமா?

13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைச் சபையில் எடுத்துப் போடவில்லை, வேதத்தில் வைத்திருக்கிறோம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை.

லாசரு செத்துப்போன வீட்டில் மார்த்தாளும் சொன்னாள், மரியாளும் சொன்னாள், அதே வார்த்தை: "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இயேசு தாமதமாக வந்தது உண்மை, செய்தி கேட்டும் இரண்டு நாள் அங்கேயே தங்கினார் என்று யோவான் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வார்த்தைக்காக இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. அழுதார்.

கோபத்தை அவரிடமே கொட்டுங்கள். பேச்சை நிறுத்திவிடாதீர்கள், அது மட்டும்தான் நான் பயப்படுவது.

பெண்ணுக்கு 31 வயதாகிறது, வரன் அமையவில்லை. கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இருக்கலாம். ஆனால் மனசு நோகாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பல கல்யாணங்கள் தள்ளிப்போவது கர்த்தருடைய வேளையால் இல்லை. வந்த வரன் நல்ல விசுவாசி, நல்ல வேலை, பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் "நம்ம ஆளுக இல்லை" என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். இல்லை, மாப்பிள்ளை வீடு கேட்ட நகைக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. இதை நாமே செய்துவிட்டு, அந்தப் பெண்ணை வாராவாரம் முழங்காலில் நிற்க வைத்து "காத்திரும்மா, கர்த்தர் செய்வார்" என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. சாதியையும் சீரையும் நாம் பிடித்து வைத்துக்கொண்டு பழியை அவர்மேல் போடக்கூடாது.

அப்படி எந்தத் தடையும் வைக்காமல், உண்மையாகவே அமையாமல் இருக்கிற பெண்களும் பையன்களும் உண்டு. அவர்களுக்கு, கல்யாணம் ஆகும்வரை வாழ்க்கை தொடங்கவில்லை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். படிக்க வேண்டியதைப் படியுங்கள், மதுரையிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால் போங்கள், "பொண்ணு வெளியூர் போனா வரன் வராது" என்ற பேச்சைக் கேட்டு வீட்டில் உட்காராதீர்கள். அப்புறம் கல்யாணமே பவுலுக்கு இல்லை, இயேசுவுக்கும் இல்லை. அதை ஆறுதலுக்காகச் சொல்கிற வார்த்தையாக எடுக்க வேண்டாம், அது உண்மை.

கடன் வாங்கிக் கல்யாணம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டிக்குக் கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22இல் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்து, சின்னதாகச் செய்தாலும் கல்யாணம் கல்யாணம்தான்.

குழந்தை இல்லை. தெருவில் போனால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்கிறார்கள். டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைச்சலா?

இல்லை, போங்கள். ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. முக்கியமாக இரண்டு பேரும் போக வேண்டும். மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டு, மகனுக்கு ஒரு சின்ன பரிசோதனைகூடச் செய்யாத வீடுகள் இருக்கின்றன. காரணம் ஆண் பக்கமும் இருக்கலாம், சர்வ சாதாரணமாக இருக்கும் விஷயம் அது. வயதான காலத்தில் பிள்ளை பெற்ற எலிசபெத்தின் கதைக்காக லூக்கா எழுதின சுவிசேஷத்தைத்தானே எடுத்து வாசிக்கிறோம், அந்த லூக்காவே வைத்தியர்.

அன்னாளைப் பற்றி ஒன்று. அவள் பிள்ளை கேட்டு அழுதுகொண்டு ஜெபித்தபோது ஆலயத்தில் இருந்த ஆசாரியன் ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். உங்களை இன்றைக்குத் தப்பாகப் பேசுகிறவர்கள் சபையிலேயே இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஜெபித்து எழுந்துபோய் அன்னாள் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று இருக்கிறது. குழந்தை இன்னும் உண்டாகவே இல்லை அப்போது. எனக்கு அந்த வரி எப்போதும் பெரிதாகத் தெரியும்.

எல்லா அன்னாளுக்கும் சாமுவேல் பிறப்பதில்லை என்பதையும் நான் மறைக்க மாட்டேன். தத்து எடுப்பது இரண்டாந்தரம் இல்லை.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுமையாக இரு, கர்த்தர் மாற்றுவார்" என்கிறார்கள்.

அடி வாங்குவது பொறுமை இல்லை. பொறுமைக்கு உதாரணமாகத் தாவீதைச் சொல்கிறோமே, சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கேயே உட்கார்ந்திருந்தானா? விலகி, அந்த ராத்திரியே தப்பி ஓடினான். சவுலை அவன் பழிவாங்கவும் இல்லை, சவுலின் ஈட்டிக்கு முன்னால் நிற்கவும் இல்லை. அம்மா வீடோ, அக்கா வீடோ, முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அவர் மாறுவதற்காகத் தூரத்தில் இருந்துகொண்டும் ஜெபிக்கலாம். இதைப் பொறுத்துப்போகச் சொல்கிற சபைப் பெரியவர்கள், தங்கள் மகளுக்கு இதையே சொல்வார்களா என்று யோசிக்கட்டும்.

என்னோடு குரூப் 4 எழுதின பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன் ஜெபிக்கக்கூட மாட்டான். எனக்கு ஏன் இல்லை?

73ஆம் சங்கீதத்தை எழுதின ஆசாப்புக்கும் இதே வயிற்றெரிச்சல்தான், ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஜெபம் தேர்வுக்கு மார்க் போடுகிற காரியம் இல்லை. அவன் படித்திருப்பான், இல்லை அந்த வருஷம் காலியிடம் அவனுக்கு ஒத்துவந்திருக்கும். நீங்கள் தொடர்ந்து படியுங்கள், ஆனால் அரசாங்க வேலை வந்தால்தான் வாழ்க்கை என்று 35 வயதுவரை அப்பா கையில் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள். தாவீது அபிஷேகம் பண்ணப்பட்ட மறுநாளும் ஆடுதான் மேய்த்தான்.

ஒரு ஊழியக்காரர் "மூன்று மாதத்தில் அற்புதம் நடக்கும், விதைக் காணிக்கை அனுப்பு" என்று தேதி சொல்லியிருக்கிறார். அனுப்பலாமா?

வேண்டாம். பிதா தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று இயேசு அப்போஸ்தலரிடமே சொல்லிவிட்டார். பேதுருவுக்கு இல்லாத தேதி இவருக்கு எங்கிருந்து வந்தது?

நல்ல நேரம், ராகுகாலம் பார்த்துச் செய்தால் என்ன? ஊரே பார்க்கிறதே.

பக்கத்து வீட்டு ஆச்சி பார்ப்பதை நாம் கிண்டல் செய்ய வேண்டாம், அது அவர்கள் வழக்கம். நமக்கு "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்ற 31ஆம் சங்கீதம் இருக்கிறது. ஞாயிறு ஆலயத்தில் அதைப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் ஜாதகக் கட்டத்தை எடுத்துக்கொண்டு போனால், எந்தக் கரத்தை நம்புகிறோம் என்று நமக்கே தெரியாமல் போகும்.

எரேமியா 29:11 வாக்குத்தத்தம் எனக்கு வந்தது. புதுவருஷ அட்டையில் எடுத்தேன். எப்போது நிறைவேறும்?

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற வசனம்தானே? அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள், 70 வருஷம் என்று இருக்கும். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று அங்கே சிலர் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களை நம்பாதீர்கள் என்றுதான் எரேமியா எழுதுகிறார். 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். அதாவது பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். வாக்குத்தத்தம் உண்மைதான், அதன் வழி தோட்டம் போடுவது வழியாகத்தான் போகிறது.

கடைசிவரை பலனைப் பார்க்காமலே செத்துப்போனால்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். எபிரெயர் 11ஐத் திறந்து, விசுவாச வீரர்கள் பெயரெல்லாம் வாசித்து முடித்து, 39ஆம் வசனத்துக்கு வாருங்கள். அவர்கள் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று இருக்கிறது. அது அவர்களுடைய தோல்வி என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை.

நம் தமிழ் வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார், பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்திருந்தார், 1719இல் 36 வயதில் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார். சங்கீதத்தையோ ஏசாயாவையோ அந்த மனிதர் தமிழில் அச்சில் பார்க்கவில்லை. இன்றைக்கு நம் பாட்டிகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே பார்த்தால், திருவாடானைப் பக்கம் ஓரியூர் இருக்கிறது. தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளியில் படித்த பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் அருளானந்தர் என்ற ஜான் தே பிரித்தோவின் கதை தெரியும். நான் சி.எஸ்.ஐ., அவர் கத்தோலிக்கக் குரு, இருந்தாலும் அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1686இல் பிடித்து அடித்து வதைத்தார்கள், மறவர் சீமையில் கால் வைக்கக்கூடாது என்று விரட்டினார்கள். போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டார், அங்கே சௌகரியமாக இருந்திருக்கலாம், இருக்காமல் திரும்பி இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அவர் பார்த்தது அவ்வளவுதான். அந்தச் சீமையில் அதற்குப் பிறகு எழுந்த கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் அவர் பார்க்கவில்லை.

சபையில் ஒருவர் ரொம்ப காலமாகக் காத்திருக்கிறார். போய் என்ன சொல்வது?

அதிகம் சொல்ல வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. பேச ஆரம்பித்ததும்தான் கெட்டுப்போனது. "எல்லாம் கர்த்தருடைய வேளையில் நடக்கும்" என்பதைச் சாவு வீட்டில், அதுவும் சின்ன வயதில் போனவர் வீட்டில், தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்களே ஒரு நாள் அதைச் சொன்னால் சொல்லட்டும்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்குப் போங்கள், அந்த நாள் முழுக்க ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் இருப்பதே பெரிய உதவி. முக்கியமாக, ஆறு மாதம் கழித்தும் அவர்களுக்காக ஜெபியுங்கள், ஜெபிக்கிறேன் என்று சொல்லவும் செய்யுங்கள். முதல் மாதம் எல்லோரும் கேட்பார்கள், பிறகு ஜெபக்குறிப்பிலிருந்து பெயர் சத்தமில்லாமல் போய்விடும், அது அவர்களுக்குத் தெரியும்.

வேதத்தில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

யோசேப்பின் கதையை ஆதியாகமம் 37இலிருந்து 50வரை, 38ஐ விட்டுவிட்டாலும் பரவாயில்லை. சங்கீதங்களில் 13, 27, 40, 130. மனசு ரொம்பக் கனத்துப்போன நாளில் 88. அப்புறம் ஆபகூக், மூன்றே அதிகாரம், காலை இட்லி வேகிற நேரத்தில் முடித்துவிடலாம். எதுவரைக்கும் என்று சண்டை போடுவதில் ஆரம்பிக்கும், கடைசியில் அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று வரும். நடுவில், 2ஆம் அதிகாரம் முதல் வசனத்தில், காவல் கோபுரத்தில் ஏறி நின்று தேவன் என்ன பதில் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்.